கண்ணாடிப் பெட்டியில் கருவாட்டு வாசம்

யாராவது என்னிடம் ஒரு கேள்வி கேட்டால், அதற்குச் சரியான பதில் மறுநாள் காலை பல் துலக்கும்போதுதான் எனக்கு வரும். கேட்ட நேரத்தில் வாயில் வருவது ஒரே ஒரு பதில்தான்: "நல்லாருக்குங்க." இந்த ஒன்றை வைத்துக்கொண்டே பினாங்கில் பாதி ஆயுளை ஓட்டிவிட்டேன். வாழைப்பழம் வாங்கினாலும் அதே பதில், பெண் பார்க்கப் போனாலும் அதே பதில். பெண் வீட்டார் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்கள். அது நல்லபடியாகவே முடிந்தது. ஆனால் கல்யாணத்துக்கு முன்பு ஒரு முறை, அதே பதில் ஒரு பெரிய டாக்டரைக் கோமாளியாக்கப் பார்த்தது.

அவர் கண் டாக்டர். சூலியா தெருவில் ஒரு கடைவீட்டின் கீழ்த்தளத்தில் டிஸ்பென்சரி வைத்திருந்தார். மதராஸிலிருந்து வந்தவர். பெரிய உருவம். கஞ்சி போட்ட வெள்ளைக் கோட்டு, எண்ணெய் தடவி நடுவகிடு எடுத்த கறுத்த முடி. கோட்டுப் பையில் வெள்ளிப் பொடிடப்பி. கால்மணிக்கு ஒரு தரம் மூக்கில் பொடி ஏறாவிட்டால் அவருக்கு மருந்துச்சீட்டு எழுத வராது.

நான் படித்தது தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் நாலாம் வகுப்பு வரைக்கும். வேலை கேட்டுப் போனபோது டாக்டர் அதைப் பற்றிக் கேட்கவே இல்லை. இரண்டு கையையும் நீட்டச் சொல்லி உள்ளங்கையைத் தொட்டுப் பார்த்தார்.

"வேர்க்காத கை. நாளைக்கே வந்துடு" என்றார்.

கண் பார்க்கும் சாமான்களுக்கு வேர்க்காத கைதான் வேண்டும். கண்ணைச் சோதிக்கிற பெட்டி ஒன்று உண்டு. அதில் வட்டக் கண்ணாடி வில்லைகள் ஜோடி ஜோடியாக நிற்கும். ஒவ்வொன்றுக்கும் மெல்லிய பித்தளை விளிம்பு, பிடிக்க ஒரு சிறு காது. நடுவில் பருத்த வில்லைகள் இடது பக்கம், நடுவில் குழிந்த வில்லைகள் வலது பக்கம். இவற்றை ஒவ்வொன்றாகச் செருகிப் பார்க்க, கனத்த மூக்குக்கண்ணாடி போன்ற ஒரு பிரேம். வந்தவர் மூக்கில் அதை மாட்டி, வில்லையை மாற்றி மாற்றிப் போட்டு, சுவரில் தொங்கும் எழுத்து அட்டையைப் படிக்கச் சொல்வார் டாக்டர். நான் குச்சியால் எழுத்தைக் காட்டுவேன். எல்லாம் முடிந்ததும் காதைப் பிடித்து வில்லையை எடுத்து, துவைத்துத் துவைத்து நைந்த மல்துணியால் துடைத்து, அதனதன் இடத்தில் வைத்து எண்ணுவேன். வில்லையின் முகத்தில் விரல் பட்டால் அன்றைக்குத் திட்டு நிச்சயம்.

நான் சேர்ந்த காலத்தில் இருந்தது யாரோ விற்றுவிட்டுப் போன பழைய பெட்டி. பாதி ஜோடிகள் ஒற்றையாகிவிட்டன. புதிது வாங்குவதென்று டாக்டர் முடிவு செய்தார். ஒரு கம்பெனி ஏஜண்டு, அந்த வெயிலிலும் கழுத்துப்பட்டை இறுக்கிக்கொண்டு, இரண்டு பெட்டிகளைத் தூக்கி வந்து மேஜைமேல் திறந்து வைத்தார்.

முதல் பெட்டி வெறும் மரம். மரத்திலேயே கோடு கோடாக வெட்டி, அந்த வெட்டில் வில்லைகள் நின்றன. பார்க்க நெல் நாற்றுவிட்ட பாத்திபோல் இருந்தது. இரண்டாவது, முகம் தெரிகிற அளவு மெருகேற்றிய மரம், பித்தளைப் பூட்டு. உள்ளே முழுவதும் கருஞ்சிவப்பு வெல்வெட். கல்யாணப் பெண்ணின் நகைப்பெட்டிகூட அப்படி இருக்காது. டாக்டர் பூனையைத் தடவுவதுபோல அந்த வெல்வெட்டைத் தடவிக்கொண்டே என்னைப் பார்த்தார்.

"என்னப்பா, துடைக்கப் போறவன் நீ. எது வாங்கலாம்?"

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். டாக்டரிடம் வருவதற்கு முன் நான் துறைமுகத்துப் பக்கம் ஒரு கிடங்கில் கிராம்பு மூட்டையும் ஜாதிக்காய் மூட்டையும் புரட்டுகிற வேலை பார்த்தவன். பினாங்கு ஈரம் எதை என்ன செய்யும் என்று எனக்குத் தெரிந்த அளவு அந்த ஏஜண்டுக்குத் தெரியாது. மழை பிடித்துவிட்டால் சுவரில் மாட்டிய சட்டைக்கே பச்சை மீசை முளைக்கிற ஊர் இது. வெல்வெட் என்றால் அது பஞ்சு. பஞ்சு ஈரத்தைக் குடிக்கும். குடித்ததைக் கண்ணாடிக்குக் கொடுக்கும். இதெல்லாம் என் தலைக்குள் மணியடித்ததுபோல் தெளிவாக ஓடிற்று.

"நல்லாருக்குங்க ஐயா" என்றேன்.

"எது?"

"ரெண்டும்."

டாக்டர் வெல்வெட் பெட்டியை வாங்கினார்.

மழைக்காலம் தொடங்கிப் பத்து நாள் ஆகவில்லை. பள்ளிக்கூட வாத்தியார் ஒருவர் வந்து பிரேமை மாட்டிக்கொண்டு, "டாக்டர், கண்ணாடி போட்டதுக்கப்புறம்தான் புகையாத் தெரியுது. போடாதப்பவே பரவாயில்ல" என்றார். டாக்டர் வில்லையைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தார். கண்ணாடிமேல் சிலந்தி வலை பின்னியதுபோலப் பூசணம் ஓடியிருந்தது. பெட்டி முழுக்கப் பார்த்தார். முப்பது வில்லைகளுக்குமேல் அதே நிலை.

வாத்தியார் போகும்வரை பொறுத்திருந்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"இந்தப் பெட்டியில இன்னொரு தடவை பூசணத்தைப் பார்த்தேன், நீ பழையபடி மூட்டை புரட்டத்தான் போகணும். புரிஞ்சுதா?"

எனக்கு நன்றாகவே புரிந்தது. அந்த வேலையோடுதான் டிஸ்பென்சரிக்குப் பின்னால் பாய் விரிக்க ஓர் அறையும் எனக்குக் கிடைத்திருந்தது. வேலை போனால் அறையும் போகும்.

ஸ்பிரிட் தொட்டுத் துடைத்துப் பூசணத்தை எடுத்தேன். எடுத்தால் மூன்றாம் நாள் திரும்ப வந்தது. பெட்டிக்குள் ஒரு கிண்ணத்தில் சுட்ட சுண்ணாம்பு வைத்தேன்; அது தூளாகி வில்லைமேல் படிந்தது. வறுத்த அரிசி முடிந்து வைத்தேன், எலி வந்தது. வெயிலில் வைக்கலாம் என்றால் வெயில் வரவில்லை. இப்படி நான் தவித்துக்கொண்டிருந்தபோது, ஒரு மத்தியானம் விளக்கேற்றத் தீக்குச்சி இல்லை என்று பக்கத்துச் சமையற்கட்டுக்குப் போனேன்.

எங்கள் பின்சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு தமிழ் முஸ்லிம் சமைத்துக்கொண்டிருந்தார்; அண்ணன் முறையில் அவரை எல்லாரும் நானா என்றுதான் கூப்பிடுவார்கள். விடியுமுன்னே சோறும் கறியும் ஆக்கி, தோளில் கம்பு போட்டு, இரண்டு பக்கமும் பானைகள் தொங்கத் துறைமுகத்துக்குத் தூக்கிப் போவார். ஒரு மணிக்குள் பானை காலியாகித் திரும்பிவிடுவார். அதற்குப் பிறகு மறுநாளைக்கு மசாலா வறுப்பார். தினமும் இரண்டு வேளை நான் அவரிடம்தான் சாப்பிட்டேன். அவர் கறியைப் பற்றி நான் ஒரு நாளும் எதுவும் சொன்னதில்லை என்று அவருக்குக் குறை.

அவர் கொடுத்த தீக்குச்சியைக் கிழித்தேன். ஒரே உரசலில் பற்றிக்கொண்டது. அந்த மழைக்காலத்தில் பினாங்கில் ஒரே உரசலில் பற்றிய தீக்குச்சியை நான் வேறெங்கும் பார்க்கவில்லை.

"நானா, இது எப்படிக் காஞ்சு இருக்கு?"

"அட, உனக்குப் பேச்சுகூட வருமா தம்பி?" என்று சிரித்துவிட்டு மேலே கை காட்டினார். அடுப்புக்கு மேலே, கைக்கெட்டும் உயரத்தில், கம்பி கட்டித் தொங்கவிட்ட ஒரு நீளப் பலகை. அதன்மேல் உப்பு, தீப்பெட்டி, அப்பளம், புகையிலை. எல்லாம் மொறுமொறுவென்று இருந்தன. பினாங்கு வழக்கப்படி கடைசியில் ஒரு "லா" ஒட்டிச் சொன்னார்: "அடுப்பு அணைஞ்சாலும் சூடு அணையாது லா. எதை வேணாலும் கொண்டாந்து வை."

மறுநாளிலிருந்து வைத்தேன். டாக்டர் பன்னிரண்டரை மணிக்குச் சாப்பிட வீட்டுக்குப் போனால், தூங்கி எழுந்து நாலு மணிக்குத்தான் வருவார். அவர் ரிக்ஷா முனை திரும்பியதும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நான் பின்வாசலால் போவேன். பலகைமேல் வைத்து, மூடியைத் திறந்து, மேலே மெல்லிய மல்துணி போர்த்திவிடுவேன். மூன்றரைக்கு எடுத்து வந்துவிடுவேன். சோறு வேகிற நேரம் இல்லையாதலால் ஆவி கிடையாது, வெறும் கணகணப்பு மட்டும்தான். வெல்வெட் காய்ந்து, வெயிலில் கிடந்த பூனைபோல உப்பி நின்றது. ஒரு வாரத்தில் பூசணம் போன இடம் தெரியவில்லை.

டாக்டர் ஒவ்வொரு வில்லையாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "இப்பத்தான் நீ ஆளு" என்றார். எப்படிச் செய்தாய் என்று கேட்டார். நான் துடைத்தேன் என்றேன். அதுவும் உண்மைதான்.

நான் கவனிக்காதது ஒன்று இருந்தது. பலகையின் இடது ஓரத்துக்கு நேர் கீழேதான் நானா மசாலா வறுக்கும் இரும்புச் சட்டி. வலது ஓரத்தில் கொத்தாகக் கட்டித் தொங்கியது கருவாடு. பெட்டியை நான் தினமும் ஒரே மாதிரிதான் வைத்தேன், பூட்டு என் பக்கம் இருக்கும்படி. கண்ணாடியில் வாசம் ஒட்டாது என்பார்கள். கண்ணாடியில் ஒட்டாமல் இருக்கலாம். பித்தளை விளிம்பில் ஒட்டும், வெல்வெட்டில் குடியே ஏறும். எனக்கு அது தெரியவில்லை, ஏனென்றால் நான் தின்பதும் தூங்குவதும் அந்த வாசத்துக்குள்தான். டாக்டருக்கும் தெரியவில்லை. அவர் மூக்கு பொடிக்கு மட்டும்தான் வாசல் திறக்கும்.

தெரிந்தது ஒரு கணக்கப்பிள்ளைக்கு. செட்டியார் வட்டிக்கடைக் கிட்டங்கியில் வேலை, சுத்த சைவம், நெற்றி நிறைய விபூதி. தூரப் பார்வை மங்கல் என்று வந்தார். டாக்டர் குழிந்த வில்லையைப் போட்டதும் கடைசி வரிவரை கடகடவென்று படித்தார். படித்து முடித்தும் எழுந்திருக்காமல் நெளிந்தார். நான் குச்சியோடு அட்டைப் பக்கம் நின்றேன்.

"ஐயா, தப்பா எடுத்துக்கக் கூடாது. எழுத்து நல்லாத் தெரியுது. ஆனா கூடவே கருவாட்டு வாசம் வருது."

டாக்டர் சிரித்துவிட்டார். "சைவம்னு சொன்னீரே, கருவாட்டு வாசம் உமக்கு எப்படித் தெரியும்?"

"வாய்தான் ஐயா சைவம். மூக்குக்கு என்ன விரதம்? கிட்டங்கிக்கு எதிர்த்தாப்பல கருவாட்டுக் கடைதான்."

டாக்டர் விளையாட்டாக அதைக் கழற்றிவிட்டுப் பருத்த வில்லையைப் போட்டார். "இப்ப?"

"இப்ப எழுத்து மங்குது. கருவாடு போயிட்டுது." கணக்கப்பிள்ளை மூக்கை உறிஞ்சினார். "மல்லி வறுக்கிறாப்பல இருக்கு. மிளகாயும்."

மறுபடி குழிந்த வில்லை. கருவாடு. மறுபடி பருத்தது. மல்லி. டாக்டரின் சிரிப்பு நின்றது. வில்லையைத் தன் மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தார். ஒன்றும் தெரியாமல் ஒரு சிமிட்டா பொடியை இழுத்துக்கொண்டார். எனக்கு அப்போதுதான் பலகையும் சட்டியும் கருவாட்டுக் கொத்தும் கண்முன் வந்தன. வேர்க்காத கை அன்று வேர்த்தது. குச்சி நழுவிக் கீழே விழுந்தது.

அப்போதே சொல்லியிருந்தால் ஒரு திட்டோடு போயிருக்கும். ஆனால் வாயைத் திறப்பதற்குள் டாக்டர் நோட்டுப் புத்தகத்தைத் திறந்துவிட்டார்.

அன்று முதல் வந்தவரிடமெல்லாம் டாக்டர் கேட்டார்: "ஏதாவது வாசனை வருதா?" நம் ஆட்களைத் தெரியாதா? டாக்டர் ஒன்று கேட்டால் ஆமாம் என்று சொல்லிவிடுவதுதான் மரியாதை. இல்லை என்று சொன்னால் வியாதி முற்றிவிட்டது என்பாரோ என்று ஒரு பயமும் உண்டு. அதிலும் இந்த முறை உண்மையாகவே வாசம் வந்தது. மூட்டை தூக்கும் ஆள் ஒருவர், "வாசனை தெரியல ஐயா, பசிக்குது" என்றார். டாக்டர் அதையும் எழுதிக்கொண்டார். படகோட்டும் மலாய்க்காரர் ஒருவர், குழிந்த வில்லை போட்டதும், "இக்கான் மாசின்" என்றார். அதுவும் கருவாடுதான். பாலிக் புலாவிலிருந்து வந்த தோட்டக்காரர் மட்டும் எந்த வில்லை போட்டாலும் டுரியான் வாசம் வருவதாக அடித்துச் சொன்னார். டாக்டருக்குக் கொடுக்க அவர் கொண்டுவந்த, தெருமுனைவரை மணக்கும் அந்த முள்பழங்கள் இரண்டு நாற்காலிக்கு அடியில் சாக்கில் இருந்தன. 'தோட்டத்து ஆட்களுக்கு மட்டும் வேறு விதம்' என்று டாக்டர் தனியாக ஒரு கோடு போட்டு எழுதினார்.

ஒரு சாயங்காலம் என்னை உட்கார வைத்து விளக்கினார்.

"கண்ணுக்கும் மூக்குக்கும் நடுவுல ஒரு கதவு இருக்குப்பா. வெளிச்சத்தை உள்பக்கமா வளைச்சா ஒரு வாசனை. வெளிப்பக்கமா வளைச்சா வேற வாசனை. அந்தக் கதவை நான் திறந்துட்டேன். எப்படி?"

"நல்லாருக்குங்க ஐயா."

பினாங்கு டாக்டர்மார்கள் மாதம் ஒரு தரம் கூடுவார்கள். பெரும்பாலும் வெள்ளைக்காரர்கள். எங்கள் டாக்டர் இரண்டு வருஷமாகக் கடைசி வரிசையில் உட்கார்ந்துவிட்டு வருகிறார். தேநீர் வேண்டுமா என்பதைத் தவிர அவரை யாரும் எதுவும் கேட்டதில்லை. இப்போது, அடுத்த கூட்டத்தில் ஒரு கட்டுரை படிக்கிறேன் என்று கடிதம் எழுதிவிட்டார். சரி, படியுங்கள் என்று பதிலும் வந்துவிட்டது. அந்தப் பதிலை எழுத்து அட்டைக்குப் பக்கத்தில் குண்டூசியால் குத்தி வைத்தார்.

குச்சியால் எழுத்தைக் காட்டும்போதெல்லாம் அந்தக் காகிதம் என் கண்ணில் பட்டது. சொன்னால் என் வேலை போகும். சொல்லாவிட்டால் அத்தனை பேர் நடுவில் அந்த மனிதர் எழுந்து நின்று நானாவின் கருவாட்டைப் பற்றி இங்கிலீஷில் கட்டுரை படிப்பார். அங்கே பொடி போடாத மூக்கு ஒன்றாவது இருக்காதா?

வாயால் சொல்ல முடியாதவன் கையால் சொல்லப் பார்த்தேன். பெட்டியைப் பலகைமேல் திருப்பி வைத்தேன், பூட்டு சுவர்ப் பக்கம். இப்போது குழிந்த வில்லைகளுக்குக் கீழே மசாலா, பருத்ததற்குக் கீழே கருவாடு. நாலைந்து நாளில் டாக்டரின் கணக்கு குழம்பும், இது என்ன அபத்தம் என்று நோட்டை மூடிவிடுவார் என்று நினைத்தேன். அப்படியே குழம்பிற்று. பருத்த வில்லை போட்டவர்கள் கருவாடு என்றார்கள். குழிந்ததைப் போட்டவர்கள் மல்லி என்றார்கள். டாக்டர் ஒரு பகல் முழுக்கத் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தார். நான் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டேன்.

மறுநாள் காலை ரிக்ஷாவிலிருந்து குதித்து இறங்கினார்.

"மழைப்பா! மழை ஜாஸ்தியானா காத்துல ஈரம் ஏறுது, வெளிச்சம் திரும்பிக்குது. அதான் தலைகீழாகுது. இன்னும் ஆறு பக்கம் எழுதணும். நீ போய்க் காகிதம் வாங்கிட்டு வா."

நான்தான் போய்க் காகிதம் வாங்கி வந்தேன்.

பிறகு பெட்டியைச் சமையற்கட்டுக்கே கொண்டு போகாமல் இருந்து பார்த்தேன். வாசம் போகவில்லை. நாலாம் நாள் ஒரு வில்லையில் மெல்லிய நூல்போலப் பூசணம் ஓடியது. பயந்துபோய் மறுபடி பெட்டியைத் தூக்கிக்கொண்டு நானாவிடம் ஓடினேன். நடந்ததையெல்லாம் அவரிடம் சொன்னேன். அவரிடம் பேச எனக்கு வரும், ஏனென்றால் அவர் என்னைப் பார்க்காமல் சட்டியைப் பார்த்துக்கொண்டே கேட்பார். சொல்லி முடித்தபோது அவர் தோள் குலுங்கிற்று. மல்லி கருகியது.

"என் கருவாடு வெள்ளைக்காரன் சபைக்குப் போகுதா! அல்லா! ஒரு தட்டு சோத்தையும் சேர்த்து அனுப்பட்டுமா தம்பி?"

"சிரிக்காதீங்க நானா."

"போய்ச் சொல்லிடு லா. நாக்கு எதுக்குக் கொடுத்திருக்கு?"

"உங்க சோத்தைத் திங்க."

"அட! ரெண்டு வருஷமாத் தின்னுட்டு இன்னைக்குத்தான் ஒரு வார்த்தை." அகப்பையை நீட்டிக் காட்டினார். "நீ சொல்றியா, நான் வந்து சொல்லவா? நான் சொன்னா தெருவுக்கே கேக்கும்."

நானே சொல்கிறேன் என்று கெஞ்சிவிட்டு வந்தேன். அடுத்த இரண்டு நாள் டாக்டர் முன்னால் போய்ப் போய் நின்றேன். "என்னப்பா?" என்பார். "நல்லாருக்குங்களா ஐயா" என்பேன். "நல்லாத்தான் இருக்கேன், உனக்கு என்ன?" என்பார். நான் விளக்கைத் துடைக்கப் போய்விடுவேன். விளக்கு அந்த இரண்டு நாளில் பளபளத்துக் கிடந்தது.

கூட்டத்துக்கு முதல் நாள் வந்துவிட்டது. நோயாளிகள் எல்லாரும் போன பிறகு டாக்டர் கதவைச் சாத்தினார்.

"நாளைக்கு வெறும் காகிதத்தைப் படிச்சா நம்ப மாட்டாங்க. நேர்ல காட்டணும். நீ வர்றே. இந்தப் பெட்டியோட."

"நானா?"

பக்கத்துவீட்டு நானாவைச் சொல்கிறேனோ என்று சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு இருமல் கேட்டது.

"நீதான். நான் பார்த்ததுலயே பொய் சொல்லாத ஆள் நீதான். நீ பேசவே மாட்டே, பொய் எப்பச் சொல்வே? அவங்க முன்னால நாற்காலியில உட்காரு. நான் வில்லையைப் போடுவேன். என்ன வாசனை வருதுன்னு மட்டும் சொல்லு. இப்ப ஒரு தடவை பார்த்துக்கலாம், உட்காரு."

இத்தனை நாளும் நான் துடைத்த பிரேமை அன்றுதான் முதல்முறையாக என் மூக்கில் மாட்டினார்கள். கனமாகத்தான் இருந்தது. நோயாளிகள் ஏன் நெளிகிறார்கள் என்று தெரிந்தது. டாக்டர் பெட்டியிலேயே பருமனான வில்லை ஜோடியை எடுத்து இரண்டு பக்கமும் செருகினார்.

உடனே ஒரு அதிசயம் நடந்தது. டாக்டர் காணாமல் போய்விட்டார்.

அவர் நின்ற இடத்தில் பெரிய வெள்ளை மேகம் ஒன்று நின்றது. அதன் உச்சியில் கறுப்பாக ஒரு தீற்றல். கண் இல்லை, புருவம் இல்லை, வாய் இல்லை. என்னை முறைக்கிறதா சிரிக்கிறதா என்று பார்த்துப் பயப்பட அங்கே ஒன்றுமே இல்லை.

"என்ன வாசனை வருது?" என்று மேகம் கேட்டது.

நான் பேசினேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது.

"கருவாடுங்க ஐயா. ஆனா இது கண்ணுலேர்ந்து வரலை. பக்கத்து நானா அடுப்புலேர்ந்து வருது. பெட்டியில பூசணம் பிடிக்கக்கூடாதுன்னு, நீங்க சாப்பிடப் போனதும் தினமும் தூக்கிட்டுப் போய் அவர் அடுப்புக்கு மேல காயவைக்கிறேன். ஒரு பக்கம் மசாலா வறுக்கிறாரு. ஒரு பக்கம் கருவாடு தொங்குது."

மேகம் ஒரு அடி கிட்டே வந்தது.

"அப்ப மழைக்குத் தலைகீழானது?"

"நான் பெட்டியைத் திருப்பி வச்சேனுங்க."

"வேணும்னா?"

"வேணும்னுதான் ஐயா. நீங்க நிறுத்திடுவீங்கன்னு பார்த்தேன். நீங்க ஆறு பக்கம் எழுதிட்டீங்க."

"டுரியான்?"

"நாற்காலிக்கு அடியில இருந்துச்சு."

சொல்லச் சொல்ல எனக்கு நிற்கவில்லை. இத்தனை வருஷம் மறுநாள் காலை வந்த பதில்களெல்லாம் அன்றைக்கே வரிசை கட்டி வந்தன. "வெல்வெட் பெட்டி வாங்கினப்பவே எனக்குத் தெரியும். இந்த ஊருக்கு அது ஆகாதுங்க. மரப்பெட்டிதான் நல்லது. நீங்க கேட்டீங்க, எனக்கு வாய் வரலை. உங்க பொடியைக் கொஞ்சம் குறைச்சா நீங்களே மோந்து கண்டுபிடிச்சிருப்பீங்க" என்றும் சொல்லிவிட்டேன்.

மேகத்திடமிருந்து ஒரு சத்தம் வந்தது. தும்மலா, விம்மலா என்று தெரியவில்லை. இடது வில்லை கழன்றது. ஒரு கண்ணுக்கு மட்டும் டாக்டர் திரும்பி வந்தார். முகம் சிவந்து, கண்ணில் நீர் நின்றது. எனக்கு உடனே நாக்கு ஒட்டிக்கொண்டது.

அவர் பின்வாசலைத் திறந்து சமையற்கட்டுக்குள் போனார். பிரேமைக் கழற்றவும் தோன்றாமல் நானும் பின்னால் போனேன். நானா அகப்பையோடு தயாராக நின்றார். சுவரில் காதை வைத்திருந்ததால் கன்னத்தில் சுண்ணாம்பு ஒட்டியிருந்தது.

டாக்டர் பலகையைப் பார்த்தார். சட்டியைப் பார்த்தார். கருவாட்டுக் கொத்தை விரலால் ஒரு ஆட்டு ஆட்டினார்.

"இங்கதான் என் ஆராய்ச்சி நடந்ததா?"

"ஆமாங்க டாக்டர்" என்றார் நானா. "நான் வறுத்தேன், நீங்க எழுதினீங்க."

டாக்டர் அங்கிருந்த முக்காலியில் உட்கார்ந்தார். முதலில் வயிறு குலுங்கிற்று. அப்புறம் முகம். அப்படி ஒரு சிரிப்பை அந்த மனிதரிடம் நான் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை. நடுவில் ஒரு தரம் நிறுத்திவிட்டு, "தேநீர் வேணுமான்னாவது கேட்டுக்கிட்டு இருந்தாங்க. நாளைக்குப் போயிருந்தா அதுவும் போயிருக்கும்" என்றார். அதைச் சொன்னபோது மட்டும் அவர் சிரிக்கவில்லை. நானா ஒரு தட்டில் சோறு போட்டு மீன் தலைக் குழம்பு ஊற்றி நீட்டினார். டாக்டர் அதை வாங்கிச் சாப்பிட்டார். வாசம் தெரியாமல்தான் சாப்பிட்டிருப்பார், பாவம்.

கூட்டத்துக்கு, ஜலதோஷம் என்று கடிதம் எழுதி என்னிடமே கொடுத்தனுப்பினார். அதில் பொய் ஒன்றும் இல்லை. மூக்குதானே வேலை செய்யவில்லை?

என் வேலை போகும் என்று அன்றிரவே பாயைச் சுருட்டி வைத்திருந்தேன். காலையில் டாக்டர் வந்தார். கட்டுரைக் காகிதங்களை என்னிடம் கொடுத்து, "அடுப்பு பத்த வைக்க நானாகிட்ட கொடு. அவர் பங்கு" என்றார். போகச் சொல்லவில்லை. சுருட்டிய பாயை நான் மத்தியானம் பிரித்துப் போட்டேன்.

சில நாள் கழித்து அதே ஏஜண்டு மறுபடி வரவழைக்கப்பட்டார், அதே கழுத்துப்பட்டை. இந்த முறையும் இரண்டு பெட்டிகளைத் திறந்து வைத்தார். ஒன்று வெறும் மரம். இன்னொன்றில் வெல்வெட்டுக்குப் பதில் நீலப் பட்டு, அதற்குக் கீழே பஞ்சு. ஏஜண்டு அந்தப் பட்டைத் தட்டிக் காட்டி, "இது புதுசா வந்திருக்கு டாக்டர். வில்லை கீழே விழுந்தாலும் அடிபடாது" என்றார். டாக்டரின் கை தானாகப் பட்டுப் பக்கம் போயிற்று. பாதி வழியில் நின்றது. என்னைக் கூப்பிட்டார்.

"எது வாங்கலாம்?"

நான் வாயைத் திறந்தேன். "நல்லா..." என்று வரத் தொடங்கிவிட்டது.

"இரு, இரு" என்று டாக்டர் கையமர்த்தினார். வெல்வெட் பெட்டியைத் திறந்து பிரேமை எடுத்தார். அந்தப் பருத்த ஜோடியைத் தேடிச் செருகினார். ஏஜண்டு கண்ணை விரித்துப் பார்த்துக்கொண்டிருக்க, பிரேமை என் மூக்கில் மாட்டி, காதுக் கம்பியை இழுத்துச் சரி செய்தார். அவ்வளவு கிட்டத்தில் எனக்கும் கருவாடு மணத்தது. டாக்டரும் ஏஜண்டும் இரண்டு மேகங்களானார்கள், ஒன்று பெரியது, ஒன்று கழுத்தில் கோடு போட்டது.

"இப்பச் சொல்லு" என்றது பெரிய மேகம்.

"மெத்தை இல்லாதது" என்றேன். "அதோட, பெட்டி வைக்க ஒரு சின்ன அலமாரியும், ஈரம் ஏறாம உள்ளே எப்பவும் எரியற மாதிரி ஒரு மின்சார விளக்கும். தெருவுக்குத்தான் கம்பி வந்துடுச்சே."

சின்ன மேகம் ஏதோ சொல்ல வாயெடுத்தது.

"உங்களை யாரும் கேட்கலை" என்றேன்.